விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்

மனிதன் செவ்வாய்க் கிரகத்தில் கூடாரம் போட்டு வெள்ளரிக்காய் விளைவித்துவிட்டான். ஆனால் விருதுநகரில் மாதம் ஒருமுறை காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை கரண்ட் போவது மட்டும் நின்றபாடில்லை. வெள்ளரிக்காய்க்கும் எனக்கும் சம்பந்தமில்லை. மின்தடை என் கைவண்ணம்.

'பராமரிப்புப் பணிகள் காரணமாகக் கீழ்க்கண்ட பகுதிகளில் மின்விநியோகம் நிறுத்தப்படும்' என்று அறிவிப்பு எழுதுகிற உத்தியோகம் எனக்கு. முப்பத்தோரு வருஷமாக இந்த ஒரே வாக்கியத்தைத்தான் எழுதி வருகிறேன். தேதியும் தெருப்பெயரும் மட்டும் மாறும்; மாவட்டம் முழுக்க அந்தத் தேதியைக் குறிப்பதும் நான்தான். என் எழுத்துக்கு இருக்கிற செல்வாக்கு வேறு எந்த எழுத்தாளனுக்கும் வாய்த்ததில்லை. படித்த கையோடு ஊரே எழுந்துபோய் மோட்டார் போடும்.

பெயர் ஹரிஹரசுதன். வயது ஐம்பத்தேழு. மனைவி சுகப்பிரியா. ஒரே மகள் யாழ்மொழி. இவர்களைத் தவிர வீட்டில் மணியம் இருக்கிறது.

மணியம் என்பது எங்கள் வீட்டுக் கணினி. கம்பெனிக்காரன் வைத்த பெயர் வேறு, வாயில் நுழையாது. கதவைத் திறப்பது, டேங்க் நிரப்புவது, எனக்குச் சர்க்கரை ஏறினால் டாக்டரிடம் கோள் சொல்வது எல்லாம் அதன் இலாகா. அதிகாரம் செய்வதைப் பார்த்து சுகப்பிரியா வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. செந்தமிழில்தான் பேசும்.

கரண்ட் போனால் மணியம் கண்ணை மூடும். வந்தால் ஒரு செருமல் செருமிவிட்டு, "மின்தடை நீங்கியது. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்" என்று சொல்லும். சொன்னபடி தொடரவும் செய்யும். ஒருமுறை, "நீங்கள் கேட்ட சேமியா உப்புமாவுக்குத் தேவையானவை: கடுகு" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. ஐந்து மணி நேரம் கழித்து வந்ததும் "உளுந்து, கறிவேப்பிலை" என்று முடித்தது. நடுவில் நாங்கள் கடைக்குப் போய்ப் புரோட்டா தின்றுவிட்டு வந்தது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதன் உலகத்தில் அந்த ஐந்து மணி நேரம் நடக்கவே இல்லை.

எனக்கும் அந்தக் குணம் உண்டு. விட்ட இடத்திலிருந்துதான் தொடர்வேன். குறிப்பாகச் சண்டையை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாழ்மொழி ஒரு பையனைச் சொன்னாள். எழில்வாணன். மின்கம்பிகளில் ஏறிப் பழுது பார்க்கும் எட்டுக்கால் இயந்திரம் செய்கிறவன். ஐந்து மணி நேர வேலையை இரண்டு மணி நேரத்தில் முடிக்குமாம். நாளைக்கு அதுவே அரை மணி ஆகும், அப்புறம் மின்தடையே இருக்காது, என் வாக்கியத்துக்கும் வேலை இருக்காது.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறவனுக்கு என் பொண்ணா?" என்றேன்.

"அப்பா, நீங்க எழுதுறது ஒரே ஒரு வரி. அது போனா உலகமே இருண்டு போயிருமா?"

"போகாதுடி. கரண்ட்தான் இருக்கும்ல" என்றாள் அடுப்படியிலிருந்து சுகப்பிரியா. அம்மாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் வினை.

அடுத்த வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடித்துவிட்டு, என்னிடம்தான் முதலில் போனில் சொன்னாள். நான் ஹாலில் நடுநாயகமாக நின்றுகொண்டு முழங்கினேன். "மணியம்! இனிமே யாழ்மொழிக்குக் கதவு திறக்கக் கூடாது. இது ஆணை. சொந்தக்காரங்க எல்லாருக்கும் தெரியட்டும்!"

தெரிந்தது. அறுபத்து மூன்று பேருக்கு, என் சொந்தக் குரலிலேயே.

கோபம் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. ஆணை இறங்கவில்லை. ரத்து செய்ய வேண்டுமானால் நான் வாய்விட்டுக் காரணம் சொல்ல வேண்டும். ஆணை யாருக்கெல்லாம் போனதோ அவர்களுக்கெல்லாம் அந்தக் காரணமும் என் குரலிலேயே போகும். இது மணியத்தின் விதி. அறுபத்து மூன்று பேரில் ஒருவர் அருப்புக்கோட்டையில் இருக்கும் என் சகலை தர்மலிங்கராஜன். ஆணையைக் கேட்டதுமே போன் செய்தார்.

"சகல, சும்மா கேக்குறேன். ஒரு மாசம் தாங்குவீங்களா?"

"ஏன், உங்க மகன் நாலு வருஷமா ஊருக்கே வரலையே, நீங்க தாங்கலையா?"

"அவன் பெங்களூர்ல ரொம்ப பிஸிங்க" என்று வைத்துவிட்டார்.

அந்த ஒரு மனிதருக்காக நான் இரண்டு வருஷம் தாங்கினேன். அப்படித்தான் வெளியில் சொல்லிக்கொள்ள வேண்டும். உண்மை என்னவென்றால், நான் மாதத்துக்கு ஐந்து மணி நேரம் தாங்கவில்லை.

எங்கள் வீட்டுக் கதவு மின்பூட்டு. கரண்ட் போனால் தானாகத் திறந்துகொள்ளும். தீப்பிடித்தால் ஆட்கள் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. அந்த ஆணைக்குப் பிறகு வந்த முதல் மின்தடை நாளில், அலுவலகத்திலும் கரண்ட் இல்லாததால் பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். யாழ்மொழி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து குழிப்பணியாரம் தின்றுகொண்டிருந்தாள். கை பாதி வாயில் நின்றுவிட்டது. சுகப்பிரியா கரண்டியோடு எங்கள் இருவருக்கும் நடுவே வந்து நின்றாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "ரெண்டு மணி வரைக்கும் மணியத்துக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "காரமா, இனிப்பா?"

அன்றிலிருந்து மாதம் ஒரு தரம் எங்களுக்குத் திருவிழா. இன்வெர்ட்டர் பேட்டரி செத்து இரண்டு வருஷமாகிறது. மாற்ற வேண்டும் என்று நான் சொல்வேன், மாற்றலாம் என்று சுகப்பிரியா சொல்வாள், அதோடு சரி. உப்புத் தீர்ந்தால்கூட ஒன்பது தரம் ஞாபகப்படுத்துகிறவள் இந்த ஒரு விஷயத்தில் வாயே திறக்கவில்லை.

ஒன்றே முக்காலுக்குக் கலைப்பு ஆரம்பிக்கும். மணியம் கண்ணை மூடியபோது வீடு எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். யாழ்மொழி கிளம்புவாள். நான் காலையில் விட்ட அதே நாற்காலியில், அதே பேப்பரை, அதே பக்கத்தில் விரித்துக்கொண்டு, மகள்மேல் கோபமாக இருக்கும் தகப்பனாக உட்கார்ந்துகொள்வேன். ஒருமுறை மட்டும் கோட்டை விட்டோம்.

"இரண்டு தம்ளர்கள் இடம் மாறியுள்ளன. காரணம்?" என்றது மணியம்.

"பூனை" என்றேன்.

எங்கள் வீட்டில் பூனை கிடையாது. அன்றிலிருந்து மளிகைப் பட்டியலில் மாதாமாதம் பூனைத் தீனி வருகிறது. அதைப் பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போட்டு வருகிறோம். அது எங்களைத் தெய்வமாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

இப்படியே காலம் போயிருக்கும். யாழ்மொழிக்கு நாள் தள்ளிப்போனது. ஆறாம் மாதத்து மின்தடையில் வந்தவள் பணியாரத்தைத் தொடவில்லை.

"அப்பா, அடுத்த மாசம் வளைகாப்பு. அப்புறம் பிரசவம் முடியுற வரைக்கும் அம்மா வீடு. அதானே வழக்கம்?"

"ஆமா."

"ஒம்பதுல இருந்து ரெண்டுக்குள்ள மட்டும் பெத்துக்க முடியாதுப்பா."

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது ஓடவில்லை.

"கரண்ட் இருக்கும்போது என்கூடப் பேசவே மாட்டீங்களாப்பா?"

இப்படிப்பட்ட நேரத்தில் ஓர் ஆண்மகன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். இன்னும் இரண்டு பணியாரம் வை என்றேன்.

ஆனால் மறுநாளே பெனடிக்டைப் பார்க்கப் போனேன். பஜாரில் வீட்டுக் கணினி ரிப்பேர் கடை வைத்திருப்பவர். யாருக்கோ கேட்பது போல விசாரித்தேன்.

"ஒரு நண்பர் வீட்டுல மணிய— அதாவது, கணினியில ஒரு ஆணை இருக்கு. வாயத் திறக்காம அதை அழிக்க முடியுமா?"

"நண்பர்" என்று சொல்லிவிட்டு பெனடிக்ட் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முடியும் சார். பெட்டிக்குப் பின்னாடி ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கரண்ட் போயிட்டு வந்தா என்ன செய்யணும்ங்கிறதுக்கான பொத்தான். மூணு விதம் இருக்கு. விட்ட இடத்துல இருந்து தொடரலாம். இல்லாட்டி, எல்லா ஆணையையும் மறந்துட்டுப் பிறந்த குழந்தை மாதிரி எழுந்திரிக்கலாம். இல்லாட்டி, யாராவது வந்து எழுப்புற வரைக்கும் அணைஞ்சே கிடக்கலாம். ஒரு அமுக்கு அமுக்குனா அடுத்த விதத்துக்குப் போகும். கம்பெனியில இருந்து வரும்போது முதல் விதத்துல இருக்கும்."

"அப்ப ஒரு அமுக்கு போதுமா?"

"ஒண்ணே ஒண்ணு. அடுத்த தடவை கரண்ட் போயிட்டு வந்ததும் பழசெல்லாம் காலி. யாருக்கும் தகவல் போகாது. பழி கரண்டு மேல."

"இப்ப எந்த விதத்துல இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"முன்னாடி மாடல்ல லைட் இருந்துச்சு சார். இந்த மாடல்ல அழகா இருக்கட்டும்னு எடுத்துட்டாங்க. கரண்ட் போயிட்டு வந்தாத்தான் தெரியும். உள்ள தனியா குட்டி பேட்டரி இருக்கு, அதனால கரண்ட் இல்லாதப்பவும் பொத்தான் வேலை செய்யும்."

"இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க, பெனடிக்ட்."

"சார், இது தொழில். ஒரு வாடிக்கையாளர் கேட்டதை இன்னொருத்தர்கிட்டச் சொல்லவே மாட்டேன்" என்றார். உத்தமமான மனிதர். அந்த உத்தமத்தனம்தான் எங்களைக் கவிழ்த்தது.

மணியத்தின் பெட்டி சாமி அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. மின்தடைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குளித்து, விபூதி பூசி, சாமி கும்பிடப் போனேன்.

"என்ன திடீர்னு பக்தி?" என்றாள் சுகப்பிரியா.

"வயசாகுதுல்ல" என்றேன். பொத்தான் 'டக்' என்றது.

செவ்வாய்க்கிழமை அவள் அரை மணி நேரம் சாமி அலமாரியைத் துடைத்தாள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை நல்ல நாள். முப்பத்தோரு வருஷத்தில் பஞ்சாங்கம் பார்த்து நான் மின்தடை எழுதியது அந்த மாதம்தான். கல்யாண மண்டபத்துக்காரர்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டு என் வம்சத்தையே திட்டினார்கள். பொறுத்துக்கொண்டேன். தாத்தா ஆகப் போகிறவனுக்குப் பொறுமை வேண்டும்.

சரியாக ஒன்பதுக்குக் கரண்ட் போனது. பூட்டு 'களுக்' என்று திறந்தது. ஒன்பது பத்துக்கு யாழ்மொழி பட்டுப்புடவையில் வந்து, "சாமி கும்பிட்டுட்டு வந்துர்றேன்" என்று நேராக உள்ளே போனாள். மாப்பிள்ளை வரவில்லை. அன்றைக்கு எங்கள் பகுதிக் கம்பிகளில் அவனுடைய எட்டுக்கால் இயந்திரத்துக்கு முதல் வெள்ளோட்டம். அவன் துணைமின் நிலையத்தில் இருந்தான்.

தெருப்பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். நலங்கு வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, ஐந்து விதச் சாதம் கட்டி, வீடே கலகலத்தது. மணி பதினொன்றாகியும் யாரும் தம்ளரை இடம் மாறாமல் வைக்கக் கவலைப்படவில்லை.

"மெதுவா ஆகட்டும், ரெண்டு மணிக்கு என்ன அவசரம்?" என்றாள் சுகப்பிரியா.

"ஆமாம்மா, என்ன அவசரம்?" என்றாள் யாழ்மொழி.

"அவசரமே இல்ல" என்றேன் நான். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பதினொன்று பத்துக்கு மின்விசிறி சுழன்றது.

"கரண்ட் வந்துருச்சு!" என்று தெரு முழுக்கக் கத்தியது. அரசாங்க அறிவிப்பில் சொன்ன நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகக் கரண்ட் வந்தது விருதுநகர் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. பரவாயில்லை, மணியம் பிறந்த குழந்தையாகத்தானே எழப் போகிறது என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

செருமல் கேட்டது.

"மின்தடை நீங்கியது. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்."

கதவு பூட்டிக்கொண்டது.

"எப்படி? நான்தான் அமுக்குனேனே!" என்றேன்.

"நான் அமுக்குனேங்க!" என்றாள் சுகப்பிரியா.

"நான்ல அமுக்குனேன், இப்பத்தான்!" என்றாள் யாழ்மொழி.

"பின்புறப் பொத்தான் ஞாயிறு ஒருமுறை, செவ்வாய் ஒருமுறை, இன்று ஒருமுறை, ஆக மூன்று முறை அழுத்தப்பட்டுள்ளது" என்றது மணியம். "ஆகவே பழைய நிலை. முதலாம் ஆணை மீறப்பட்டுள்ளது. யாழ்மொழி வீட்டுக்குள் இருக்கிறார். உதவியவர், ஆணையிட்டவர் நீங்கலாக, சுகப்பிரியா. ஆணை மீறல் அறிவிப்பு அறுபது நொடியில் அறுபத்து மூன்று பேருக்குச் செல்லும். யாழ்மொழி வெளியேறினாலோ, ஆணை ரத்தானாலோ அறிவிப்பு நிறுத்தப்படும். ஐம்பத்தொன்பது."

கதவின் கொண்டி விடுபட்டது, அவள் வெளியே போவதற்காக.

தெருப்பெண்கள் சாதத் தட்டோடு உறைந்து நின்றார்கள். மூன்று பேரும் பெனடிக்டிடம் தனித்தனியாகக் கேட்டு, ஒரே காரியத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் செய்து, அதை நாங்களே கெடுத்துவிட்டோம். இரண்டு பேர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும்.

"நாற்பத்திரண்டு."

"நான் கெளம்புறேன்ப்பா" என்றாள் யாழ்மொழி. "அம்மா பேரு எல்லார்கிட்டயும் போக வேணாம்."

மணையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள். ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். வயிறு இடம் கொடுக்கவில்லை. இன்னொரு கையையும் ஊன்றினாள். புது வளையல்கள் எல்லாம் சரிந்து மணிக்கட்டில் விழுந்தன. கன்னத்தில் வைத்த சந்தனம் இன்னும் காயவில்லை. நான் கைகொடுத்தால் அவளை வெளியே அனுப்புவதற்குக் கைகொடுத்ததாக ஆகும். கொடுக்காவிட்டால் மகள் தரையில் திண்டாடுகிறாள்.

"இருபத்தைந்து."

"மணியம், ரத்து பண்ணு!"

"காரணம்?"

"கரண்ட் வந்துருச்சு."

"ஏற்கப்படவில்லை. மின்சாரம் வருவது மனமாற்றத்துக்குக் காரணம் ஆகாது. பதினெட்டு."

"வயசாயிருச்சு."

"சென்ற வாரப் பரிசோதனைப்படி உங்கள் மூளை நலமாக உள்ளது. பதினொன்று."

சகலையின் முகம் கண்முன்னால் வந்தது. 'ஒரு மாசம் தாங்குவீங்களா?' யாழ்மொழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கரண்ட் இருக்கும்போதும் என் பொண்ணுகூடப் பேசணும்."

யாழ்மொழி மறுபடி மணையில் உட்கார்ந்தாள்.

"ஏற்கப்பட்டது. அனுப்பப்பட்டது" என்றது மணியம். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு சந்தேகம். பூனை என்று ஒன்று உண்டா?"

"இல்ல."

"பதிவு செய்துகொள்கிறேன்."

சுகப்பிரியா முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். "சாமியக் கும்பிடுற லட்சணத்தப் பாத்தப்பவே நெனச்சேன்" என்றாள் என்னைப் பார்த்து.

"நீ மட்டும் அரை மணி நேரம் என்னத்தத் தொடச்ச?"

அந்த நேரம் பார்த்து வாசலில் எழில்வாணன் கிரீஸ் கையோடு வந்து நின்றான். முகத்தில் வெற்றிக்களை. "மாமா, பாத்தீங்களா? சீக்கிரம் கரண்ட் வந்தா சீக்கிரம் ஆணை அழிஞ்சுரும்னு யாழ் சொல்லிருந்தா. அதான் மெஷினை விரட்டு விரட்டுன்னு விரட்டி மூணு மணி நேரம் முன்னாடியே குடுத்துட்டேன்!"

"நல்லாக் குடுத்தீங்க மாப்ள" என்றாள் சுகப்பிரியா. "உள்ள வந்து கையக் கழுவுங்க."

என் வாக்கியத்தின் எமன் என் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தான். நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலத்துக்குள் அறுபத்திரண்டு பேரிடமிருந்து பதில் வந்துவிட்டது. பாதிப் பேர் அழுதார்கள், மீதிப் பேர் கேலி செய்தார்கள், எதிர்பார்த்ததுதான். சகலையிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. இரண்டு வருஷமாகக் காத்திருந்த மனிதர், பெரிய வெடியாகத் தயார் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து மணிக்குப் போன் வந்தது.

"சகல, மாடியில இருந்து பேசுறேன்" என்றார் கிசுகிசுப்பாக. "இங்க எங்க கணினிக்குக் கேக்காது. எப்படி நடந்துச்சு, முழுசாச் சொல்லுங்க."

சொன்னேன். பூனை வந்த இடத்தில்கூட அவர் சிரிக்கவில்லை. முடித்ததும் கேட்டார்.

"எங்க வீட்லயும் அதே மாடல்தான். பொத்தான் பின்பக்கம் எந்த மூலையில?"

பெங்களூரில் ரொம்ப பிஸியான அந்தப் பையனுடைய நான்கு வருஷம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"வலது மூலை, கீழ" என்றேன். "ஆனா ஒண்ணு, சகல. அக்காகிட்டக் கேட்டுக்கிட்டு, ஒருத்தர் மட்டும் அமுக்குங்க."

"கேட்டுப் பேச முடிஞ்சா நான் எதுக்குங்க பொத்தானத் தேடுறேன்?"

ஹாலில் யாழ்மொழி ஏதோ சொல்ல, மணியம் "நல்வரவு" என்று பதில் சொன்னது என் காதில் விழுந்தது. அவருக்கும் கேட்டிருக்கும்.

"எங்க தெருவுக்கு அடுத்த மின்தடை என்னைக்கு?" என்றார்.

"உங்களுக்கு என்னைக்கு வேணும்?"

"ஞாயித்துக்கெழமை போட முடியுமா? அவனுக்கு அன்னைக்குத்தான் லீவு."

முப்பத்தோரு வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் மின்தடை எழுதியதே இல்லை. மேலதிகாரி கேட்பார், மக்கள் திட்டுவார்கள், பேப்பரில் கார்ட்டூன் வரும். ஒரு தாளை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு, 'பராமரிப்புப் பணிகள் காரணமாக' என்று ஆரம்பித்தேன்.